பிறந்த வீட்டுக் கோடி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் இருப்பது சோறு தின்ன மட்டும்தான் என்று ஆகிவிட்டது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஓடிப்போய்ச் சொல்ல ஆள் கிடையாது. போனில் ஒரு படம், அதன் கீழே கும்பிடுகிற கை, அவ்வளவுதான் துக்கம். நினைத்தாலே கருப்பையனுக்குப் பற்றிக்கொண்டு வரும். தருமபுரத்தில் பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்து, கல்யாணமும் கருமாதியுமாகப் பார்த்தே தலை நரைத்தவர்.

கடை போனில் முன்பு ஒரு மெஷின் இருந்தது. ‘பந்தலுக்கு ஒன்றை அழுத்தவும், ஐஸ் பெட்டிக்கு இரண்டை அழுத்தவும்’ என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லும். கூப்பிட்டவர் பெயரும் ஊரும் சொன்னால், அந்தக் குரலை அப்படியே கருப்பையன் போனுக்கு அனுப்பி, அவர் எடுத்துக் கேட்கிறவரை விடாமல் மணியடிக்கும். குளிக்கும்போதும் அடிக்கும். கெட்ட வார்த்தையில் திட்டினாலும் அடிக்கும்.

பொங்கல் கழிந்ததும் மகன் மாறன் அதை எடுத்துவிட்டு, ஏஐ ஏஜென்ட் என்று புதிதாக ஒன்றைப் போட்டான்.

“பழசு சொன்னதச் செய்யும், அவ்ளோதாம்பா. இது என்ன ஏதுன்னு புரிஞ்சுக்கிட்டு, தானே முடிவெடுத்து வேலைய முடிச்சுடும். எந்த வண்டி சும்மா நிக்குதுன்னு பாத்து அஸ்கருக்கு நேராச் சொல்லிடும். முடியாததுக்கு மட்டுந்தான் ஒங்களக் கூப்புடும்.”

“முடிவெடுக்க நான் இல்லையா? சோத்துக்கா ஒக்காந்திருக்கேன்?”

“நீங்க நிம்மதியா இருங்கப்பா.”

நிம்மதியாகத்தான் இருந்தது. போன் வாயைத் திறப்பதே இல்லை.

வியாழக்கிழமை காலையில் டிரைவர் அஸ்கர் வண்டியிலிருந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். கருப்பையனும் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு கை கொடுத்தார்.

“எந்த ஊருக்குப் போன சாமாண்டா?”

“போலகம் அய்யா. நேத்து ஒரு அம்மா தவறிட்டாங்க. பாவம், வெளக்கு வைக்கிற வரைக்கும் தூக்கலிங்க. பொறந்த வீட்டுக் கோடிப் பொடவ வரணும், அண்ணன் வருவாருன்னு ரோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. அந்தாளு வரவே இல்ல. கடைசியில அடுத்த தெருக்காரரு ஒருத்தரு அண்ணன் மொறைக்கு நின்னு பொடவயப் போத்துனாரு. கல்லு மனசுய்யா அந்தாளுக்கு.”

“யாரு வீடு?”

“மணிபாரதின்னு, வாத்தியாரு. அவரோட அம்மா.”

கருப்பையன் தூக்கிய நாற்காலியைக் கீழே வைத்து, அதிலேயே உட்கார்ந்தார். தையல்நாயகி. கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. மணிபாரதி கல்யாணத்தில் தாய்மாமன் மாலையை முதலில் வேறொருத்தன் கழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று எழுந்து வந்தவர்தான், நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ரோஷமெல்லாம் வாழ்வுக்குத்தானே. சாவுக்கு ஏது? பிறந்த வீட்டுச் சேலை மேலே விழாமல் ஒரு பெண்ணைத் தூக்குவார்களா?

மாறன் மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்காகப் புதுச்சேரி போயிருந்தவன், மதியம்தான் வந்தான். செய்தி கேட்டதும் பையை அப்படியே கீழே போட்டான். போனை நோண்டி, கடைக்கு வந்து பதிவாகியிருந்த பேச்சை ஓடவிட்டான்.

மணிபாரதியின் குரல் அழுது கம்மிப்போயிருந்தது. “ஐஸ் பெட்டி ஒண்ணு, நாக்காலி அம்பது. போலகம். எங்கம்மா தையல்நாயகி தவறிட்டாங்க.”

ஏஜென்ட்டின் குரலில் தேன் வடிந்தது. “ரொம்ப வருத்தமா இருக்குங்க. தைரியமா இருங்க, உங்களுக்கு நாங்க இருக்கோம். எல்லாம் நேரத்துக்கு வந்து சேரும்.”

மணிபாரதி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு, “மொதலாளிகிட்ட சொல்லிடுங்க. காத்திருக்கோம்னு சொல்லுங்க.”

“கண்டிப்பா சொல்லிடுறேங்க.”

நேரில் ஆள் அனுப்பினால் மாமா விரட்டிவிடுவாரோ என்று பயந்து, கடைக்கு ஆர்டர் கொடுப்பது போலத் துக்கம் சொல்லியிருக்கிறான் பிள்ளை. பழைய மெஷினாக இருந்தால் அந்தக் குரலே வந்து இவர் காதைக் கிழித்திருக்கும்.

“சொல்றேன்னுச்சே, யார்கிட்டடா சொல்லிச்சு?”

“எனக்குத்தாம்பா. அன்னன்னைக்கு நடந்ததச் சேத்து ராத்திரி அனுப்பும். கல்யாண வீட்டுல நான் பாக்கல. பாத்திருந்தாலும் தூக்கினப்புறந்தான்.” மாறன் தலையைக் குனிந்துகொண்டான். “பெட்டி போயிடுச்சு, நாக்காலி போயிடுச்சு. அதப் பொறுத்தவரைக்கும் வேலை முடிஞ்சுது. ஒங்களக் கூப்புட வேண்டியதில்லன்னு முடிவெடுத்திருக்கு.”

“பழசுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததால எல்லாத்தையும் எங்கிட்ட கொண்டாந்து கொட்டிச்சு. இது பாதி தெரிஞ்ச கழுத. ‘நாங்க இருக்கோம்’னு எம்பேர்ல வாக்குக் குடுக்குதே, எவன்டா இருந்தான் அங்க? அந்த வார்த்தைய நம்பித்தானடா என் தங்கச்சியப் பொழுதெறங்குற வரைக்கும் போட்டு வச்சிருந்தாங்க!”

“தப்பு எம்மேலதாம்பா. நாந்தான் சரியாச் சொல்லிவைக்கல. இப்ப மாத்திட்டேன், சாவு ஆர்டர்னா ஒடனே ஒங்களுக்கு அடிக்கும். சொந்தக்காரங்க பேரக் குடுத்துட்டா அதுவே கண்டுபுடிச்சுக்கும். பேரச் சொல்லுங்கப்பா.”

“இருந்தது ஒருத்தி. இனிமே யாரு பேரடா சொல்லச் சொல்ற?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“எங்கப்பா கெளம்பிட்டீங்க?”

“போலகம். வெரட்டுனா வெரட்டட்டும்.”

மாறன் ரோடு வரைக்கும் கூடவே வந்தான். ஒருதரம் சொல்லிக்கொடுத்தால் போதும், இனி அது தப்பவே தப்பாது என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

“அது கத்துக்கிட்டு என்னடா ஆவப்போவுது” என்றார் கருப்பையன். போலகம் வழியாகப் போகிற பட்டினம் பஸ் நிற்கிற பக்கமாக, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.