பெரிய கிளாக்கரின் பேக்ஸ்பேஸ்

தெரணியகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்து ஆபிஸுக்குக் கம்பியூட்டர் வந்தது 2001இல். வந்த நாளிலிருந்தே அதைத் தொடுவதென்றால் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர் சுதர்சினிக்குக் குமட்டும். பெரிய கிளாக்கர் இராமையா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பக்கத்தில் வந்து குனிவார். விசைப்பலகையில் பாதி எழுத்து அவருடைய எச்சில் தெறித்துச் சிவந்து போயிருந்தது. சீ! துடைத்துத் துடைத்து அவள் கைலேஞ்சியே நாறியது.

மாதத் தொடக்கத்தில் டெலிபோன் லைன் வழியாகக் கொழும்புத் தலைமை ஆபிஸ் மெஷினுக்குள் நுழைந்து, தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் உள்ள ஆட்களின் நம்பர்களைப் பதிய வேண்டும். பிழையாகத் தட்டிவிட்டு பேக்ஸ்பேஸை அமுக்கினால் எதுவும் அழியாது. கூரை மாதிரி ஒரு குறியும் எச் எழுத்தும் பக்கத்தில் வந்து குந்திக்கொள்ளும். இங்கே கடிதம் அடிக்கும்போது ஒழுங்காக அழிக்கிற அதே விசைதான், கொழும்புக்குள் நுழைந்ததும் இந்தக் கூத்து ஆடும்.

"இதத் திருத்தணுங்க ஐயா," என்றாள்.

"எதுக்கு? செக்ரோல் பொத்தகத்துல பிழை விட்டா நாம அழிக்கிறோமா? சிவப்பு மையால வெட்டி, பக்கத்துல கையெழுத்து வைக்கிறோம். ரப்பர் போட்டா வேல போயிரும். மெஷினும் அதத்தான் செய்யுது. அந்தக் குறிதான் வெட்டு. கொழும்புல யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க. நீ கை வைக்காத!"

வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவள், அப்படியே பதிந்து அனுப்பினாள்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து வந்த தாளில், தோட்டத்தில் வேலை செய்கிற வெள்ளையம்மாவின் பேர் வெட்டுப்பட்டிருந்தது. அவள் நம்பரில்தான் சுதர்சினி பிழை விட்டு பேக்ஸ்பேஸைத் தட்டியிருந்தாள். குறியும் எழுத்தும் ஒட்டிக்கிடந்த நம்பரை மெஷின் குப்பை என்று தள்ளிவிட்டது. பேர் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் இல்லை. காம்பராவைக் காலி பண்ணு என்று கங்காணி போய்ச் சொல்லியும் விட்டான். புருஷனைப் பறிகொடுத்தவள், இரண்டு பொம்பளைப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவாள்?

"நீ தட்டுனது, நீயே பாத்துக்க," என்றார் இராமையா, ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு.

மனுஷனா இவன்! அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, இரத்தினபுரியில் தனக்குக் கம்பியூட்டர் வகுப்பு எடுத்த புவாடுக்குச் சுதர்சினி போன் போட்டாள்.

"அட, அது சின்ன வேல தங்கச்சி," என்று சிரித்தார் புவாட். "ஒங்கட கீ அனுப்புற சைகை ஒன்னு, கொழும்பு மெஷின் அழிக்கிறதுக்கு எதிர்பாக்குற சைகை வேறொன்னு. உள்ளுக்குப் போனதும், பதியத் தொடங்க முந்தி, எஸ்-டி-டி-வை எண்டு நாலு எழுத்து, ஒரு இடைவெளி, இரேஸ் எண்ட சொல்லு, இன்னொரு இடைவெளி அடிங்க. பொறகு அந்த பேக்ஸ்பேஸயே ஒருக்கா தட்டி என்டர் குடுங்க. ஹரி, அவ்வளவுதான்! ஒவ்வொரு தரமும் உள்ளுக்குப் போகக்குள்ள இதச் செய்யோணும்."

ஆபிஸுக்கு இருந்தது ஒரே லைன். போனை வைத்துவிட்டு அதே லைனில் கொழும்புக்குள் நுழைந்து, சொன்னபடி தட்டினாள். வேண்டுமென்றே ஒரு பிழை விட்டு பேக்ஸ்பேஸை அமுக்கினாள். பிழை மறைந்தது. அப்பாடா! வெள்ளையம்மாவின் நம்பரைச் சுத்தமாகப் பதிந்தாள். பிறகு தலைமை ஆபிஸைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி மன்றாடினாள். வாரம் முடிவதற்குள் பேர் திரும்பி வந்தது. அந்தச் செய்தியைக் கங்காணியிடம் இராமையாதான் சொல்லியனுப்பினார்.

அன்று பின்னேரம் வெள்ளையம்மா ஒரு சேவலோடு ஆபிஸ் வாசலில் நின்றாள்.

"ஐயா மட்டும் கொழும்புக்குப் பேசலைன்னா நாங்க தெருவுலதாங்க. கங்காணி எல்லாஞ் சொன்னாருங்க," என்று இராமையாவைக் கும்பிட்டாள்.

"சரி, சரி. நம்ம ஆளுங்கள நாமதான பாக்கணும்," என்று இராமையா சேவலை வாங்கிக்கொண்டார். சுதர்சினி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அடப் பாவி! கூசாமல் கை நீட்டுகிறானே! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மா முந்திக்கொண்டாள்.

"ஏம்மா, நீ படிச்ச புள்ளதானே? எங்க வயித்துல அடிக்காம, இனிமேலாவது பாத்துத் தட்டும்மா."