டன்னர் மலைக்கு ஓரியன் பாஸ்

பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் அக்டோபர்தோறும் பழைய பனிச்சறுக்குச் சாமான் சந்தை போடுவார்கள். உள்ளே கால் வைத்ததுமே மெர்ல் பிராட்டுக்கு முகம் கோணியது. ஊரார் போன குளிர்காலம் விட்ட வியர்வை அத்தனையும் விற்பனைக்கு வைத்த பூட்ஸ்களில் ஊறிக் கிடந்தது. அதை விடுங்கள், சொந்த ஊர் நாற்றம். அதன்மேல் யாரோ எலுமிச்சை வாசனை தெளித்திருந்தான் பாருங்கள், அதுதான் குமட்டியது.

வாசனை வந்த இடம் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போட்டிருந்த இரண்டு புதுக் கடைகள். நீலக் கடை ஓரியன் கம்பெனி. ஆரஞ்சுக் கடை சஃபாரி கம்பெனி. அமெரிக்காவில் இருக்கிற மலைகளையெல்லாம் இந்த இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். வெர்மான்ட்டின் இந்த மூலையில் கிடந்த டன்னர் மலையையும் விடவில்லை. அது ஒரு பல் டாக்டர் குடும்பத்தின் கையில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஓரியன் அதை வாயில் போட்டுக்கொண்டது.

மெர்லுக்கு வேண்டியது ஒரே ஒரு மலை. சமையலறை ஜன்னலில் தெரிகிற மலை. இந்த வருடத்திலிருந்து அதில் மட்டும் சறுக்கத் தனி பாஸ் விற்பதை நிறுத்திவிட்டார்கள். கம்பெனியின் நாற்பது மலையும் சேர்த்துக் குளிர்காலம் முழுக்க ஒரே பாஸ், எடுத்தால் எடு, விட்டால் விடு. ஒரு முட்டை கேட்டவன் தலையில் கோழிப்பண்ணையையே கட்டுகிற வியாபாரம்.

நீலக் கடைப் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "வாங்க சார்! இந்த ஒரு பாஸ் இருந்தா ஜப்பான்லகூட சறுக்கலாம்."

"ஜப்பான்ல எனக்கு யாரும்மா இருக்கா?"

"சுவிட்சர்லாந்து?"

"அங்கயும் யாரும் இல்ல. டன்னர் மலை இருக்கா, இல்லியா?"

"அது இலவசமாவே சேர்ந்து வருது சார்!"

"எங்க ஊரு மலையை எனக்கு இலவசமா குடுக்க நீங்க யாரு?"

அவள் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் போலிருக்கிறது. முழு ஓரியன், பாதி ஓரியன், வாரநாள் ஓரியன் என்று அட்டைகளைப் பரப்பினாள். பாதி ஓரியன் பண்டிகை நாட்களில் செல்லாது. வாரநாள் ஓரியன் சனி ஞாயிறில் செல்லாது, கிறிஸ்துமஸ் வாரத்தில் புதன்கிழமையும் செல்லாது.

"மழை பெஞ்சு பனியெல்லாம் கரைஞ்சு போற நாளுக்குன்னு ஒண்ணு வெச்சிருப்பீங்களே, அது எங்க?" என்றான் மெர்ல்.

"அதுக்கு எல்லா பாஸும் செல்லும் சார்," என்றாள் அவள், வெகு சீரியஸாக. "ஆனா இன்னிக்கு ராத்திரியோட விலை ஏறுது."

மெர்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே மரத்தில் சிவப்பு இலை முக்கால்வாசி அப்படியே நிற்கிறது. பனி விழுமா விழாதா என்று வானத்துக்கே தெரியாது. விழாத பனியை விற்கிறான், அதற்கும் விலை ஏற்றுகிறான். கொள்ளைக்காரன்கூட இருக்கிற பொருளைத்தான் எடுப்பான்.

"சஃபாரியைப் பாத்துக்கறேன்," என்று திரும்பினான். பின்னால் ஒரு கைத்தடி அவன் முழங்காலைத் தட்டியது.

"பனியில என்னடா சஃபாரி? சிங்கம் பாக்கப் போறியா மாப்ளே?"

மச்சான் ஆல்டன். மெர்லுடைய மனைவி நோலாவுக்கு அண்ணன். எழுபத்து நாலு வயது. ஜூன் மாதம் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்திருந்தார்கள். அதற்கு முந்திய குளிர்காலம் வரைக்கும் புதன்கிழமை என்றால் இரண்டு பேரும் டன்னர் மலையில்தான். மெர்ல் ஊராட்சிக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். புதன் மட்டும் விடியுமுன் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவான்.

"சஃபாரிக்கு மலை எங்க இருக்கு தெரியுமில்ல?" என்றான் ஆல்டன். "கணவாய்க்கு அந்தப் பக்கம். டிசம்பர் வந்தா அந்த ரோட்டை மூடிடுவான். இத்தனை வருசம் பனி தள்ளின ஆளு, உனக்கு நான் சொல்லணுமா?"

"சுத்திக்கிட்டுப் போறேன்."

"நீ போவ. இந்த இடுப்போட அவ்வளவு தூரம் என்னால லாரியில உக்காந்து வர முடியாது."

"ஓரியன்காரனுக்கு ஒரு சல்லி குடுக்க மாட்டேன் மச்சான். போன வசந்தத்துல டன்னர்ல வேலை பாத்த நம்ம ஆளுங்க அத்தனை பேரையும் அனுப்பிட்டான். அவனைப் பாத்தாலே வயித்தைப் புரட்டுது."

"எனக்கு மட்டும் மணக்குதா?" ஆல்டன் குரலைத் தாழ்த்தினான். "டாக்டர் இந்த வருசம் சறுக்கலாம்னுட்டான். மலை மேல ஏத்துற நாற்காலி லிஃப்ட்ல தனியா ஏறக்கூடாதாம். பக்கத்துல ஒரு ஆள் இருக்கணுமாம். நீ வரலைன்னா நான் வீட்ல உக்காந்து ஜன்னல் வழியா பாக்க வேண்டியதுதான். ஒரு வருசம் உக்காந்தா அப்புறம் எந்திரிக்க மாட்டேன்டா. எனக்குத் தெரியும்."

மெர்ல் நீலக் கடைக்குத் திரும்பி, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் வாரநாள் ஓரியன் அட்டையை எடுத்தான்.

"படம் எடுக்கணும் சார், சிரிங்க!"

"எதுக்கு?"

அந்த மூஞ்சியோடேயே படம் விழுந்தது. அட்டைக்குள் சில்லு இருக்கிறதாம். எடுத்துக் காட்ட வேண்டாம், சட்டைப் பையில் கிடந்தாலே லிஃப்ட் வாசலில் இருக்கிற கேட் தானாகப் படித்துக்கொள்ளுமாம். "மனசு மாறிட்டா வருசக் கடைசிக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம் சார். ஆனா ஒரு தடவைகூட கேட்டைத் தாண்டியிருக்கக் கூடாது," என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தைதான் மெர்லுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டிசம்பரில் மலை திறந்த முதல் புதன்கிழமை. சறுக்குக் கட்டைகள் லாரியிலேயே கிடக்க, நோலா கட்டிக் கொடுத்த பீன்ஸ் சட்டியைத் தூக்கிக்கொண்டு மெர்ல் அடிவாரக் கட்டடத்தின் நிலவறைக்கு இறங்கினான். டன்னரில் அதுதான் வழக்கம். ஊர்க்காரர்கள் மேலே கடையில் வாங்கித் தின்பதில்லை. நிலவறையில் ஆளுக்கொரு கொக்கி, நீள பெஞ்சு, சுவரோரம் வரிசையாக மின்சாரச் சட்டிகள். காலையில் சட்டியை மின்சாரத்தில் செருகிவிட்டுப் போனால் மத்தியானம் மான்கறியும் பீன்ஸும் ஈரக் கம்பளியுமாக அறையே மணக்கும்.

படி முடிந்த இடத்தில் கண்ணாடிக் கதவு ஒன்று நின்றது. 'ஓரியன் நட்சத்திர உறுப்பினர் ஓய்வறை.' உள்ளே கொக்கியும் இல்லை, பெஞ்சும் இல்லை. வெள்ளை சோபாக்கள். கண்ணாடிக் கூழாங்கல்லுக்கு நடுவே எரிவாயுத் தீ எரிந்தது. அதில் பொய் விறகு. எங்கிருந்தோ வெனிலா வாசனை குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது.

கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன் குறுக்கே வந்தான். "சார், வெளிச்சாப்பாடு உள்ள கூடாது."

"வெளிச்சாப்பாடா? இது உள்ளூர்ச் சாப்பாடுப்பா. நீதான் வெளியிலேர்ந்து வந்தவன்."

"கார்ல வெச்சு சாப்பிடலாம் சார்."

"நான் என்ன நாயா?"

"நாயை உள்ள கூட்டிட்டு வரலாம் சார், உறுப்பினரா இருந்தா."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. விதியைத்தான் சொன்னான். அதுதான் மெர்லுக்குக் கசந்தது. அடித்துப் பிடுங்குகிறவனிடம் சண்டை போடலாம். நல்ல பிள்ளையாகப் பேசிக்கொண்டே பிடுங்குகிறவனை என்ன செய்வது? சட்டியோடு வெளியே வந்து பனியில் காறித் துப்பினான். இன்றைக்கே இந்த எழவைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

பாஸ் விற்கிற, திரும்ப வாங்குகிற ஜன்னல் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆல்டன் கட்டைகளை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் காத்திருந்தான். தலைக்கு மேல் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டி யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள். மலைக்குப் பாட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலும்.

"எங்கடா உன் கட்டை?"

"பாஸைத் திருப்பிக் குடுக்கப் போறேன். கீழ் ரூமை எடுத்துட்டான் மச்சான். சோபா போட்டிருக்கான். நாய் போலாமாம், பீன்ஸ் போகக் கூடாதாம்."

"ரூம் போனா போகுது. மலை இருக்குல்ல?"

"இல்ல மச்சான். இனிமே என்னால முடியாது. இவன் மூஞ்சியில முழிக்க முடியாது."

ஆல்டன் சறுக்குத் தடிகளின் வாரைக் கையில் மாட்டிக்கொண்டான். "சரி, குடு போ. நான் தனியா ஏறிக்கிறேன்."

"டாக்டர் சொன்னது?"

"டாக்டர் கிடக்கான். ஆறு மாசமா இதுக்காகத் தவம் கிடந்திருக்கேன். உன் கோவத்துக்காக வீட்டுக்குத் திரும்பணுமா?"

சொல்லிவிட்டுத் தடிகளை ஊன்றிக் கேட்டுக்குள் நழுவினான். மெர்ல் "செத்துப் போ" என்று முணுமுணுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தான். ஜன்னலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வரிசையில் நின்றவன், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே லிஃப்ட்டைப் பார்த்தான்.

டன்னரில் இருப்பது இரண்டு பேர் உட்காரும் பழைய இரும்பு நாற்காலி. பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வேகமாக வரும். அங்கே நிற்கிற ஆள் அதன் முதுகைப் பிடித்து ஒரு மூச்சு நேரம் தடுத்து, உட்காருகிறவன் தொடையில் மெல்ல ஒட்டவைக்க வேண்டும். தடுக்காமல் விட்டால் இரும்பு விளிம்பு பின்காலில் சாத்தும். டன்னரில் வேலை பார்த்த எவனும் தடுக்காமல் விட்டதில்லை. இன்றைக்கு நின்றவள் பெரு நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண். ஹீட்டருக்கடியில் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு விறைத்து நின்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களைத்தான் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டதே.

ஆல்டனுக்கு முன்னால் நின்ற தடியன் ஒருவனை நாற்காலி சாத்தியது. "ஐயோ!" என்று கத்திக்கொண்டே விழுந்து உட்கார்ந்தான். அடுத்து ஆல்டன்தான். ஏறுமிடத்துக் கோட்டில் போய் நின்று, உலோக இடுப்பைப் பின்னால் திருப்பி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிடிம்மா! நாற்காலியைப் பிடி!" என்று மெர்ல் கத்தினான். ஒலிபெருக்கி அதை விழுங்கிவிட்டது.

சட்டி எங்கே விழுந்தது என்று அவன் பார்க்கவில்லை. ரப்பர் பூட்ஸோடு ஓடினான். கேட் ஐஸ்கிரீம் வண்டிபோல் மணியடித்துப் பச்சை காட்டித் திறந்தது. அந்தப் பெண் தன் பாஷையில் என்னவோ கத்திக்கொண்டு லிஃப்ட்டை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைத் தேடினாள். அதற்குள் மெர்ல் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பற்றி, குதிகாலைப் பனியில் குத்திப் பின்னுக்குச் சாய்ந்தான். தோள் பிய்ந்துவிடும்போல் இருந்தது. நாற்காலி ஒரு மூச்சு நேரம் தயங்கியது. ஆல்டன் சோபாவில் உட்காருவதுபோல் உட்கார்ந்தான்.

விட்டுவிட்டு விலகியிருக்கலாம். மேலே போனால் இறங்குகிற இடத்தில் இதே நாற்காலி ஆல்டனை முதுகில் தள்ளுமே என்று தோன்றியது. பக்கத்து இடத்தில் தாவி விழுந்தான்.

கால் தரையை விட்டுக் கிளம்பியது.

"கட்டை இல்லாம மலைக்கு வர்ற முதல் ஆளு நீதான்," என்றான் ஆல்டன்.

"பேசாத. கொன்னுடுவேன்."

"உன் மூஞ்சி நல்லா வந்திருந்துச்சுடா."

"எங்க?"

"கேட்ல. திரையில. 'வருக மெர்ல், இன்று உங்கள் முதல் நாள்'னு போட்டான். பேதி மருந்து குடிச்சவன் மாதிரி இருந்த."

மெர்ல் கையைச் சட்டைப் பையில் வைத்தான். அட்டை அங்கேதான் இருந்தது. கேட்டைத் தாண்டியாயிற்று, இனி திருப்பிக் கொடுக்க முடியாது. "நான் சறுக்க வரலையே! உன்னைப் பிடிக்கத்தானே வந்தேன்!"

"அதைப் போய் கேட்கிட்ட சொல்லு."

மலை பாதி ஏறும்வரை மெர்ல் திட்டிக்கொண்டே வந்தான். கம்பெனியை, சில்லைக் கண்டுபிடித்தவனை, பொய் விறகை, மலையை விற்ற பல் டாக்டரை. ஆல்டன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காற்றுக்குக் கொடுத்திருந்தான்.

உச்சியில் மெர்ல் ஒரு கையால் அவன் முதுகை அணைத்து இறக்கிவிட்டான். கட்டை இல்லாதவன் அங்கே இறங்க முடியாது. அதே நாற்காலியில் கீழே திரும்ப வேண்டியதாயிற்று. எதிரே ஏறி வருகிறவர்கள் எல்லாம் தொங்கும் ரப்பர் பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் கையாட்டினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. கீழே ஆல்டன் போட்ட வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது பக்கம் நன்றாக வந்தது. வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் பயந்தான்.

"வலது கால்ல பாரத்தைப் போடுடா கிழவா!" என்று மேலிருந்து கத்தினான்.

ஆல்டன் தடியை மேலே ஆட்டினான், அது வசவு.

அடிவாரத்தில் இறங்கியதும் மெர்ல் பாஸ் ஜன்னலைக் கடந்து நேராக லாரிக்குப் போனான். ஜன்னலில் நின்று கெஞ்சினால் அவர்கள் சிரித்துக்கொண்டே இல்லை என்பார்கள். அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் பார்க்க அவன் தயாராக இல்லை. கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கேட் மறுபடி மணியடித்து வருக என்றது. அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையை அதற்குப் பதிலாகச் சொன்னான். ஆல்டன் கோட்டுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தான். இந்தத் தடவை அந்தப் பெண் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தாள். பலமாகப் பிடிக்கத் தெரியவில்லை, ஆனாலும் பிடித்தாள்.

மரங்களுக்கு மேலே வந்ததும் ஆல்டன் தொண்டையைச் செருமினான். "அடுத்த வருசத்து பாஸ் மார்ச்லயே வாங்கினா சல்லிசாம் மாப்ளே."

"வாயை மூடு மச்சான்," என்றான் மெர்ல். அவனுக்கு இன்னும் குமட்டிக்கொண்டுதான் இருந்தது.