பூத்த நஷ்டம்

எங்கள் வயலில் லில்லி பூத்து நாங்கள் பார்த்ததே கிடையாது. பச்சை மொட்டாக இருக்கும்போதே அறுத்து, கட்டி, லாரியில் ஏற்றிவிடுவோம். ஊருக்கெல்லாம் பூ, எங்களுக்குக் காம்பு. உலகமெல்லாம் நோய் பரவிச் சந்தையை மூடிய வருடம் அறுக்கவும் ஆள் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை. மொட்டுகள் தம்பாட்டுக்கு விரிந்தன. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் வேலி வரைக்கும் வெள்ளை.

வாசனை வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது. சாப்பாட்டில் லில்லி, தலையணையில் லில்லி. சாலையில் வண்டிச் சத்தம் இல்லாததால், விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்பதே சில மத்தியானங்களில் தெரியாது. என் வீட்டுக்காரர் விடிந்ததும் பூவுக்குள் இறங்குவார். சட்டையெல்லாம் மஞ்சள் மகரந்தத்தோடு வெளியே வருவார், துவைத்தாலும் போகாது. மனுஷன் சோறு தண்ணி மறந்து சிரித்துக்கொண்டே திரிந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

லில்லிக் கிழங்கை வருடா வருடம் காசு கொடுத்துப் புதிதாக வாங்கி நட வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? துறைமுக ஊரில் லாரி வைத்திருக்கிற கொழுந்தனார், அண்ணனை வண்டி ஓட்ட அனுப்பிவையுங்கள் அண்ணி என்று வாரம் தவறாமல் போன் செய்தார். போன தடவை அப்படிப் போனவர் திரும்பி வருவதற்குள் எங்கள் மகள் நடந்து, பேசி, பள்ளிக்கூடமும் சேர்ந்துவிட்டாள். வாசலில் வந்து நின்ற அப்பனை 'சார்' என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை அவரை அனுப்ப என்னால் ஆகாது.

அரசாங்கம் விவசாயிகளுக்கு நிவாரணம் தருகிறது என்று செய்தியில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. விவசாய ஆபீசிலிருந்து முகக்கவசத்தோடு ஓர் அம்மா வந்தார். வயலைப் பார்த்ததும் வரப்பிலேயே நின்றுவிட்டார். கவசத்தைச் சற்று இறக்கி மோந்தும் பார்த்தார். அழிந்த பயிருக்குத்தான் பணமாம், அதற்குப் படம் வேண்டுமாம். இதைப் போய் நஷ்டம் என்று எப்படி எழுதுவது என்று வருத்தமாகத்தான் கேட்டார். விற்காத பூ நஷ்டம் இல்லையா என்றேன். மேலே இருப்பவர்களுக்கு அது புரியாதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. நாளைதான் கடைசி நாள், காலையில் இந்தப் பக்கமாகத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் பூவை உழுது அழிக்க வீட்டுக்காரர் டிராக்டரில் ஏறினார். ஏறினவர் ஏறினபடியே உட்கார்ந்திருந்தார்.

"என்னால முடியல," என்றார்.

"இறங்குங்க," என்றேன்.

நான் ஏறி ஓட்டினேன். பனி இன்னும் கலையவில்லை. பூக்கள் சத்தமில்லாமல் சாய்ந்து கலப்பைக்கு அடியில் போயின. வாசனை ஒரேயடியாகக் கிளம்பித் தலையைச் சுற்றியது. கொஞ்ச தூரம் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டினேன் என்று நினைக்கிறேன், கனவில் யாரோ ஓட்டுவதுபோல. பாவம் என்றுதான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வீட்டுக்காரர் பின்னாலேயே நடந்து வந்தார். என்னைத் திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

ஆபீஸ் அம்மா சொன்னபடி வந்தார். யாராவது ஒருவர் வயலில் நிற்க வேண்டும் என்றார். நான் போய் நின்றேன்.

"சிரிக்காதீங்கம்மா," என்றார்.

நான் எங்கே சிரித்தேன் என்று கேட்டேன். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். நசுங்கிய பூவுக்கு நடுவில் காது வரைக்கும் வாயோடு நான். இனி வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போக மாட்டார் என்ற சந்தோஷம் உடம்பெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, வாயை மட்டும் எப்படிப் பிடித்து வைப்பது? இரண்டாவது படத்திலும் சிரிப்பு. மூன்றாவதற்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், அப்படியும் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் வந்து எனக்கு முன்னால் நின்று என்னை மறைத்துக்கொண்டார். ஆபீஸ் அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு படம் எடுத்தார்.