தெருவே இறக்கிய திரை

முன்னறை ஜன்னலின் சுருள்திரை கரகரவென்று இறங்கும் சத்தம் கேட்டபோது நெஸ்டா அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றது. அம்மா இறந்த காலையில் நெஸ்டா தன் கையாலேயே இறக்கிய திரை அது. அடக்கம் முடிந்து ஏற்றிய பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. அவள் கண் முதலில் அப்பாவைத்தான் தேடியது. க்விலிம் தணலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சுரங்கத் தூசி நெஞ்சுக்குள் விசிலடிக்க, செய்தித்தாளின் முதல் பக்கத்தைக் கிழித்து நெருப்பில் செருகிக்கொண்டிருந்தார். சர்ச்சிலின் முகம் ஓரத்திலிருந்து சுருண்டு கறுத்தது. சர்ச்சில் இறந்ததிலிருந்து இந்த வாரம் முழுக்க அப்பாவுக்கு அதுதான் வேலை. கொஞ்சம் காது மந்தம், திரை இறங்கியது அவருக்குக் கேட்டிருக்காது.

ஈரக் கையோடு முன்னறைக்கு ஓடினாள். பாதிரியார் வந்தால் உட்கார வைக்கவும், வீட்டில் யாராவது இறந்தால் சவப்பெட்டியைக் கிடத்தவும் மட்டுமே திறக்கிற அறை. அவள் கணவன் எம்ரிஸ் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மூன்றே விரல் உள்ள கையில் திரைக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான். யுத்தத்தின்போது பாலைவனத்தில் கண்ணிவெடி தோண்டப் போன இடத்தில் மிச்சமான விரல்கள்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"சவ ஊர்வலம் முடியற வரைக்கும்தான், நெஸ்டா. முடிஞ்சதும் ஏத்திடுவேன்."

"இது டோனிபாண்டி, எம்ரிஸ். லண்டன் இல்ல. அப்பா நேத்து என்ன சொன்னாருன்னு கேட்டதானே?"

கேட்டிருந்தான். இந்த வீட்டு ஜன்னல் அந்த ஆளுக்காக இருட்டினால் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைமேல் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாகச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஜனவரிக் குளிரில் அந்த ஏற்றத்தில் பாதிகூட ஏற மாட்டார் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

இந்த ஊர்ச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் தடியில் அப்பாவின் மண்டை பிளந்தது. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. போலீஸையும் பின்னால் பட்டாளத்தையும் அனுப்பிய மந்திரி சர்ச்சில். முப்பது வருஷம் கழித்து அதே மனிதர் யுத்தத்தை நடத்தினார். கொட்டகையில் செய்திப்படத்தில் அவர் முகம் வந்தால் ஊளையிட்ட ஆட்கள், வீட்டுக்கு வந்து அவர் குரலுக்காக ரேடியோ முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நெஸ்டா பார்த்திருக்கிறாள். உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவளை யாரும் கேட்டதில்லை. ஒரு கையில் அப்பா, ஒரு கையில் எம்ரிஸ் என்று இரண்டு கையிலும் நிறைந்த வாளி. ஒன்றைக் கீழே வைத்தால் மற்றது சாய்ந்து கொட்டிவிடும் என்ற பயத்திலேயே இத்தனை வருஷம் நடந்துவிட்டாள். தனக்கென்று ஓர் அபிப்பிராயம் எங்காவது இருக்கிறதா என்று சில நாட்கள் தேடிப் பார்ப்பாள். சுமந்து சுமந்து காய்த்துப்போன கைதான் தட்டுப்படும்.

"ஏத்து. அப்பா பார்க்கறதுக்குள்ள ஏத்திடு."

அவன் கயிற்றை விடவில்லை. வாசல் கதவு தட்டப்பட்டது.

பக்கத்து வீட்டு ஹானா ப்ரோஸெர். அதற்குள் கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. கையில் துணி மூடிய தட்டு. நெஸ்டாவைப் பார்த்ததும் அவள் முகம் உடைந்தது.

"எப்ப போனாரு கண்ணு? தூக்கத்துலயா? வலி ஒண்ணும் இல்லாம போனாரா?"

ஹானாவின் தோளுக்கு மேலே எதிர் வரிசை தெரிந்தது. ஒரு வீட்டில் திரை இறங்கியது. அடுத்த வீட்டில். அதற்கடுத்ததில். அவள் பார்க்கப் பார்க்க ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டே போயின. இந்தத் தெருவில் ஒரு வீட்டுத் திரை இறங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. முதலில் தன் வீட்டுத் திரையை இறக்குவார்கள். பிறகுதான் தட்டோடு வந்து கேட்பார்கள்.

"யாருடி போனது?"

நடையில் க்விலிம் நின்றிருந்தார். ஹானா நழுவிய தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள்.

"ஐயோ சாமி! நீங்களா!"

"நானேதான். ஏமாத்திட்டேனா? தட்டுல என்ன?"

"பன்னியிறைச்சி..."

"சாகாம இருந்தா அது கிடைக்காதோ? வச்சிட்டுப் போ."

ஹானா சிரிப்பும் அழுகையுமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாவி மனுஷா, இப்பதான் உங்களுக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டு வந்தேன். அப்ப யாருக்கு இந்த..."

நடு அறையிலிருந்து தொலைக்காட்சியில் லண்டன் சவ ஊர்வலத்தின் மெதுவான முரசுச் சத்தம் வந்தது. அவள் முகத்தில் சிரிப்பு அணைந்தது.

"அவருக்கா? என் வீட்டுத் திரையையும் இறக்கிட்டேனே! எங்கப்பா கேட்டா குழியிலேர்ந்து எந்திரிச்சு வருவாரு."

தட்டை நெஸ்டாவின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

க்விலிம் வாசற்படிக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். தெரு முழுவதும் இருண்டிருந்தது.

"அடேயப்பா. அந்த ஆளுக்கு டோனிபாண்டியில ஒரு தெருவே துக்கம் காக்குது. என் பேரைச் சொல்லி."

"மாமா," என்றான் பின்னாலிருந்து எம்ரிஸ். "பட்டாளத்தை முதல்ல பாதி வழியில நிறுத்தி வச்சதே அவர்தானாம். புஸ்தகத்துல போட்டிருக்கு."

க்விலிம் குனிந்து, நரைமயிருக்கு நடுவே ஓடும் வெள்ளைத் தழும்பைக் காட்டினார். "இதுக்கு எழுத்து வாசனை இல்ல மாப்பிள்ளை. நீ படிச்சுச் சொல்லு, கேக்கட்டும்." நிமிர்ந்தார். "நெஸ்டா, என் பெட்டியை எடு."

அவள் நகரவில்லை. தட்டின் கனம் கையில் ஏறிக்கொண்டே போனது. அப்பாவின் விசில் மூச்சும் எம்ரிஸின் மூச்சும் அவள் பிடரிக்கு இரண்டு பக்கமும் கேட்டன. ஏதாவது சொல்லவேண்டும். எது சொன்னாலும் ஒருவரை இழக்கவேண்டும்.

"நான் அவருக்காக மட்டும் இறக்கல," என்றான் எம்ரிஸ். குரலில் வீம்பு இறங்கியிருந்தது. "எங்க இவோருக்குத் திரை இறக்கவே இல்ல, மாமா. தந்தி வந்தப்ப எங்கம்மா அந்தக் கயித்தைக் கையில சுத்திக்கிட்டு ராத்திரியெல்லாம் ஜன்னல்லயே உட்கார்ந்திருந்தாங்களாம். இறக்கினா அவன் செத்துட்டான்னு ஆயிடுமாம். சாகற வரைக்கும் விடல. அவன் அந்த மணல்லயே கிடக்கான். இன்னிக்கு அங்க முரசு அடிச்சாங்க. என் கை தானா போயிடுச்சு."

இவோர் எம்ரிஸின் தம்பி. பட்டாளத்துக்குப் போகுமுன் இரண்டு வருஷம் நிலத்தடியில் க்விலிமிடம்தான் வேலை பழகினான். அப்பா எங்கே பார்க்கிறார் என்று நெஸ்டா பார்த்தாள். எம்ரிஸின் முகத்தை அல்ல. திரையை இறக்கிய அந்த மூன்று விரல்களை.

க்விலிம் உள்ளே திரும்பினார். கோட்டை மாட்டினார். ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பெட்டியை மறுபடி கேட்கவில்லை. கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

எம்ரிஸ் நடு அறைக்குப் போனான். நெஸ்டா தட்டோடு முன்னறையிலேயே நின்றாள். மஞ்சள் திரையில் அப்பாவின் நிழல் விழுந்திருந்தது. ஏற்றத்துப் பக்கம் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, நடைபாதையில், சவம் போகையில் ஆண்கள் நிற்கும் இடத்தில் நின்றிருந்தார். எதிரே எங்கேயோ ஒரு திரை சரசரவென்று மேலே ஏறியது. பிறகு இன்னொன்று.

"நெஸ்டா, வந்து பாரேன்," எம்ரிஸ் நடு அறையிலிருந்து கூப்பிட்டான். "சவப்பெட்டி படகுல போகுது. லண்டன் ஆத்தோரமா இருக்கற க்ரேனெல்லாம் தலையைக் குனியுது. ஒவ்வொண்ணா."

அவள் போகவில்லை. நிழலின் கை மெல்ல உயர்ந்து தலைவரைக்கும் போயிற்று. மரியாதைக்குத் தொப்பியை எடுக்கவா, காற்றுக்கு அழுத்திக்கொள்ளவா? திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினால் தெரிந்துவிடும். இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், அந்தக் கை இறங்குவதற்காகக் காத்து நின்றாள்.