அசை போடாத செவலை

செவலை அசை போட்டு மூன்று நாளாகிவிட்டது. பழனாத்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போகவில்லை, சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம். ஏழு மாதச் சினை மாடு. இடது பக்க வயிறு உப்பிப்போய், தொட்டால் கெட்டியாக இருந்தது.

கால்நடை டாக்டர் ஜெயபாரதி நல்லூரில் அவள் வீட்டுக்கே வந்து தடவிப் பார்த்துவிட்டு, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார். மாட்டை நிற்க வைத்தபடியே மரத்துப்போக ஊசி போட்டு, விலாவுக்குப் பின்னால் கிழித்து, முழங்கைக்கு மேல் கையை உள்ளே விட்டார். வெளியே வந்ததெல்லாம் பனியன் துணி. ரோஸ், நீலம், கோடு போட்டது என்று ஒரு சாக்கு நிறைந்தது.

பார்த்ததுமே பழனாத்தாளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எல்லாம் அவள் வைத்த துணி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியின் அடி ஓட்டையைத் தினமும் கம்பெனி வேஸ்ட் துணியால்தான் அடைப்பாள். திருப்பூரில் எந்த ஓட்டைக்கும் அதுதானே மருந்து. மறுநாள் பார்த்தால் துணி இருக்காது. பக்கத்து வீட்டுக் கன்னையன்தான் பிடுங்கி எறிகிறார் என்று முடிவு கட்டி, போன மாதம் தெருவே கேட்கத் திட்டித் தீர்த்திருந்தாள். தவிடும் உப்பும் ஊறிய துணியை மாடே இழுத்துத் தின்னும் என்பது அந்தப் புத்திக்கு எட்டவில்லை.

டாக்டர் வேலை செய்துகொண்டே விளக்கினார். மாடு அரைகுறையாக மென்று விழுங்கி, முதல் வயிற்றில் தீனியை ஊறப்போடும். அங்கே இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். பிறகு வாய்க்குக் கொண்டுவந்து நன்றாக அரைத்து, அடுத்தடுத்த வயிறுகளுக்கு அனுப்பும். நாலாவது வயிறுதான் நம்முடையதைப் போல. துணியோ மேலேயும் வராது, கீழேயும் போகாது.

"அந்தக் கிருமிதானுங்க இதுக்குச் சோறாக்கிப் போடுது. இப்ப முக்காவாசி செத்துப்போச்சு. நல்லா அசை போடற மாட்டோட வயித்துத் தண்ணி வேணும். நான் தையல் போடறதுக்குள்ள ஒரு மாட்டைக் கொண்டாங்க."

அந்தத் தெருவில் இன்னொரு மாடு கன்னையனிடம்தான் இருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அண்ணா, துணியத் தின்னது எம்மாடுதானுங்க. உங்களப் பேசுனது என் தப்புங்க."

அதைச் சொன்ன பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்ல வாய் வந்தது. கன்னையன் உள்ளே போய்விட்டார். போச்சு என்று நினைத்தாள். அவரோ பின்பக்கம் போய் மாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டருடன் வந்திருந்த உதவியாளர் அதன் வாய்வழியே குழாய் விட்டுப் பச்சை நிற வயிற்றுத் தண்ணீரை எடுத்தார். சூடு ஆறுவதற்குள் செவலையின் வயிற்றில் ஊற்றித் தையல் போட்டார்கள். ஒரு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் கிளம்பினார்.

பொழுது நகரவே இல்லை. வயிற்றில் காதை வைத்துக் கேட்பாள், எழுந்து நடப்பாள், மறுபடியும் வந்து காதை வைப்பாள். விடிந்ததும் பல்கூட விளக்காமல் கொட்டகைக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கன்னையன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"மெதுவா வாங்க அம்மிணி," என்றார். "இப்பத்தான் அசை போட ஆரம்பிச்சுது."