நீலப் பட்டை

வடிவு காலையில் கடையைத் திறந்து, மானிட்டர் மேல் போர்த்தியிருந்த கம்பளியை உருவிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை வந்தது. வழக்கம்போல அவள் கை மவுஸைக் கீழே இழுத்தது. கீழே ஒன்றுமில்லை. பச்சை ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். அது இருக்கும் நீலப் பட்டை, அந்த டாஸ்க்பார், மறுபடியும் உச்சிக்குப் போய், தகரக் கூரையில் ஏறிய குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தது.

“ஏறிட்டியா? மேல ஏறிட்டியா? இரு, ஒன்னய ஏத்துனவளுக்கு இருக்கு” என்று வெறும் கடையில் கத்தினாள்.

டாஸ்க்பார் மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள். நாலு மாசமாக ஒருத்தி உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் மவுஸைப் பிடித்து, நீங்கள் வைத்ததை வைத்த இடத்தில் இருக்கவிடாமல் பண்ணினால் அப்போது தெரியும்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்த சின்னக் கடை அது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு போன் பூத், ஒரே ஒரு கம்ப்யூட்டர். சீசனில் வெளியூர்க்காரர்கள் மெயில் பார்க்க வருவார்கள். மற்ற நாளில் பயோடேட்டா, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். முதலாளி சிவராமனுக்குப் பூம்பாறையில் பூண்டுக் காடு. காட்டைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில்தான் கடைக்கு வருவார். 2006 சீசன் தொடங்கும்வரை முழுநாளும் வடிவுதான் கடையில் இருந்தாள். அப்புறம்தான் சிவராமன் தன் மனைவியின் அண்ணன் மகளைக் கூட்டிவந்து, “காலைல நீ, மத்தியானத்துக்கு மேல நதியா. சீசன் முடியட்டும், யாரு ஒருத்தர் போதும்னு பாக்கலாம்” என்றார்.

யாரு ஒருத்தர் போதும்! அந்த வார்த்தை வடிவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. இந்த வேலைக்கு வருமுன் அவள் கேரட் கழுவிக்கொண்டிருந்தவள். மார்கழிக் குளிரில் முழங்கால்வரை தண்ணீரில் நின்று மூட்டை மூட்டையாகக் கழுவ வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ராத்திரி சோற்றில் கை வைத்தால் உப்புப் பட்டு உயிர் போகும். மிஷன்காரர்கள் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, அந்த வெடித்த விரலாலேயே டைப் அடிக்கப் பழகித்தான் இந்த நாற்காலிக்கு வந்தாள். திரும்பவும் அந்தத் தண்ணீரில் இறங்குவதை நினைத்தாலே அவளுக்குக் கால் மரத்தது.

நதியா காலேஜ் முடித்தவள். நீள நகம், கையில் செல்போன். வந்த அன்றைக்கே திரையைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

“என்னக்கா, டாஸ்க்பாரக் கீழ வச்சிருக்கீங்க? எங்க லேப்ல எல்லாம் மேலதான் வைப்போம். பாக்கவே நீட்டா இருக்கும்.”

“கம்ப்யூட்டர் வாங்குன நாள்லேருந்து அங்கதான் கெடக்கு. அங்கயே கெடக்கட்டும்.”

“உங்க ஊர்ல கம்ப்யூட்டர் எல்லாம் உண்டாக்கா?”

“எந்த ஊரு?”

“அதான், சிலோன்.”

வடிவு பிறந்தது பெருமாள்மலையில். சிலோன் தோட்டம் என்பது அவள் அம்மா முருகம்மாள் வாயால் கேட்ட கதை, அவ்வளவுதான். கப்பலேறி வந்தவள் அம்மா. முப்பது வருஷம் இந்த மலையில் உழைத்த பிறகும் ‘சிலோன்காரி’ என்று சொல்ல ஒரு வாய் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. அன்றைக்கே வடிவு முடிவு கட்டிவிட்டாள், இவள் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று.

முழிக்கவும் இல்லை. மதியம் ஒரு மணிக்குக் கடையைப் பூட்டி, பக்கத்து டீக்கடை பாப்பம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். நதியா அரைமணி கழித்து ஆடி அசைந்து வந்து சாவியை வாங்கிக்கொள்வாள். ராத்திரி அதே டீக்கடையில் சாவி, காலையில் அதே டீக்கடையில் சாவி. இரண்டு பேரும் பேசிக்கொண்டது டாஸ்க்பார் வழியாகத்தான். அவள் மேலே ஏற்றுவாள், இவள் கீழே இறக்குவாள். ஒருநாள் அவள் இடது ஓரத்தில் நட்டமாக நிறுத்திவிட்டுப் போனாள். மறுநாள் இவள் மவுஸே தொடாதபடி ஒரு கோடாக ஒடுக்கிவிட்டுப் போனாள். அடுத்த நாள் காலையில் அது மேலே இருந்ததோடு, ‘லாக்’ வேறு பண்ணப்பட்டிருந்தது. இழுத்தால் வரவில்லை. அந்தப் பூட்டை எடுக்க ரைட் கிளிக் பண்ணி டிக்கை எடுக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் வடிவுக்குக் காது சூடாகிவிட்டது.

கம்பளியிலும் வன்மம் இருந்தது. கொடைக்கானல் ஈரத்துக்கு மானிட்டரைத் திறந்துபோட்டால் உள்ளே வேர்த்துவிடும் என்று, ஆள் இல்லாத நேரத்தில் கம்பளியைப் போர்த்தி வைப்பது அந்தக் கடை வழக்கம். நதியா சும்மா தூக்கிப் போர்த்திவிட்டுப் போய்விடுவாள். வடிவு மட்டும் மேலே ஒரு சணல் கயிற்றைச் சுற்றிக் கட்டுவாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்புச் சாக்குக்குப் போடும் முடிச்சு, அம்மா சொல்லிக் கொடுத்தது. தெரிந்தவள் ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். தெரியாதவர் இழுக்க இழுக்க இறுகும். அவளுடைய நீள நகம் ஒன்றாவது உடையட்டுமே என்றுதான் கட்டினாள். இரண்டு உடைந்தன என்று பாப்பம்மாள் சொன்னபோது வடிவு அங்கேயே நின்று ஒரு டீ அதிகமாகக் குடித்தாள்.

இப்படி ஓடிய சண்டை, ஆடி மாசத்தில் ஒருநாள் முதலாளி தலையில் விடிந்தது. ஏதோ பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரம்மா அவசரமாக ஒரு பிரிண்ட் கேட்டு வந்திருக்கிறார். கடையில் சிவராமன் மட்டும். அவருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் எல்லாம் இடது கீழ் மூலையில் பச்சைப் பொத்தானை அமுக்குவது, அதோடு சரி. அந்த மூலையில் பொத்தான் இல்லை. மனுஷன் மானிட்டரைத் தட்டியிருக்கிறார், மவுஸை உதறியிருக்கிறார். “கடைய வச்சிருக்கீங்க, தொறக்கத் தெரியலையா?” என்று கேட்டுவிட்டு அந்தம்மா எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

சிவராமனுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்தார்.

“ஒங்க சண்டையில என் மானம் போகுது. கடைசியாச் சொல்றேன், அந்த நீலப் பட்டை கீழதான் கெடக்கணும். இனிமே அது எடம் மாறிக் கெடந்துச்சு, மாத்துனவ அன்னைக்கே வீட்டுக்கு. சொந்தம்னும் பாக்க மாட்டேன், பழைய ஆளுன்னும் பாக்க மாட்டேன்.”

வடிவின் மனசு அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மாற்றினவள் வீட்டுக்கு. மாற்றியது யார் என்று பட்டையா சொல்லப் போகிறது? மேலே ஏற்றுவது யார் வழக்கம் என்று ஊருக்கே தெரியுமே!

வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் சிவராமன் பூம்பாறை பஸ்ஸில் மத்தியானமே வந்து இறங்குவார். நதியா வந்து, தலையைக் கண்ணாடியில் பார்த்து, செல்போனில் நாலு பேச்சுப் பேசி, கம்ப்யூட்டரைப் போட்டுப் பட்டையைக் கவனிப்பதற்குள் அவர் வந்துவிடுவார். அது போதும்.

ஒரு மணிக்குக் கடையில் ஆள் இல்லை. வடிவு டாஸ்க்பாரைப் பிடித்து மேலே இழுத்தாள். சுருக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. அவசரத்துக்கு நதியா கீழே இழுத்துவிடக் கூடாதே என்று லாக்கும் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்து, கம்பளியைப் போர்த்தி, கயிற்றை இறுக்கிக் கட்டினாள். ‘போடி, காலேஜ்காரி. லேப்ல போயி மேல வச்சுக்க’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாவியைக் கொடுக்கும்போது பாப்பம்மாள் பாலை ஆற்றிக்கொண்டே கூப்பிட்டாள்.

“ஏத்தா வடிவு, அந்தப் புள்ள நதியா இருக்குல்ல...”

“அவ பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்கக்கா. கேட்டாலே பத்திக்கிட்டு வருது.”

“இல்லத்தா, ஒங்க மொதலாளி ஒன்ட்ட...”

“சாவிய வையிங்க. பஸ்ஸு போயிரும்” என்று சொல்லிவிட்டு வடிவு விறுவிறுவென்று நடந்தாள். பெருமாள்மலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அன்றைக்கு எல்லாமே தனக்குச் சாதகமாக நடக்கிறது என்று தோன்றியது. வீட்டில் அம்மாவுக்குத் தானே ரொட்டி சுட்டு, தொட்டுக்கொள்ளச் சிலோன் மிளகாய்த் துவையலான கட்டைச்சம்பலும் அரைத்துக் கொடுத்தாள். “என்னடி இன்னிக்கு இம்புட்டு சந்தோசம்?” என்று முருகம்மாள் கேட்டாள். “எம் பீடை தொலஞ்சுச்சும்மா” என்றாள் வடிவு.

மறுநாள் அவள் போனபோது கடை திறந்திருந்தது. சிவராமன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை எரிந்துகொண்டிருந்தது. பட்டை மேலே. வடிவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. மேஜைமேல் வெங்காயக் கத்தியும் பக்கத்தில் இரண்டு துண்டாகச் சணல் கயிறும் கிடந்ததை அவள் பார்த்தாள். பார்த்தாளே தவிர யோசிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“அய்யய்யோ, என்ன சார் இது! பட்ட மறுபடி மேல ஏறிக் கெடக்கு?”

“அதான் பாக்குறேன்.”

“நேத்து நான் போறப்ப கீழதான சார் இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்துட்டுத்தான் அணைச்சேன்.”

“கீழதான் இருந்துச்சா?”

“ஆமா சார். எங்கம்மா மேல சத்தியமா. நீங்க அன்னைக்கு அம்புட்டுச் சொல்லியும் அந்தப் புள்ளைக்குக் கொழுப்பப் பாருங்களேன்!”

சிவராமன் நாற்காலியைத் திருப்பினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் வடிவுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

“நதியா நேத்து வரல, வடிவு.”

வடிவின் கண் மறுபடி அந்தக் கயிற்றுத் துண்டுகளுக்குப் போனது.

“திண்டுக்கல்ல அவளுக்கு வேல கெடச்சிருச்சு. நேத்து வெள்ளனே மொத பஸ்ஸுக்கே ஏறிப் போயிட்டா. ஒன்ட்டச் சொல்லச் சொல்லி பாப்பம்மாட்டச் சொல்லிருந்தேன். நாந்தான் சாவிய வாங்கித் தொறந்தேன். ஒன் முடிச்ச அவுக்கத் தெரியாமக் கத்தியால அறுத்தேன்.” கயிற்றுத் துண்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். “இனிமே முழுநாளும் நீதான்னு சொல்லணும்னு நேத்து வந்தேன்.”

“சார்... வோல்டேஜு ஏறி எறங்குனா சில நேரம் தானா...”

“பெத்தவ மேல சத்தியம் பண்ணிட்டியேம்மா.”

வடிவுக்கு அழுகை வந்தது. அழுதாள். காலைப் பிடிப்பதுபோலக் குனிந்துகூடப் பார்த்தாள். “எனக்கு அந்தக் கேரட்டுத் தண்ணி ஆகாது சார், கை ரெண்டும் போயிரும் சார்” என்றாள். சிவராமன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மாற்றினவள் வீட்டுக்கு என்று இரண்டு பேர் முன்னால் சொன்னவர், அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஆள் இல்லை. எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

“போறதுக்கு முன்னால அதக் கீழ எறக்கி வச்சுட்டுப் போ. நேத்துலேருந்து இழுத்துப் பாக்குறேன், வர மாட்டேங்குது.”

அவள் உட்கார்ந்தாள். தான் போட்ட பூட்டைத் தானே ரைட் கிளிக் பண்ணி எடுத்தாள். பட்டையைப் பிடித்து இழுத்தாள். அது எதிர்ப்பே இல்லாமல் கீழே வந்து அதன் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. தோளுக்குப் பின்னால் நின்று சிவராமன் குனிந்து பார்த்தார்.

“அவ்ளோதானா?” என்றார்.

“அவ்ளோதான் சார்.”

வெளியே மூடுபனியில் எதிர்க் கடைகூடத் தெரியவில்லை. டீக்கடையிலிருந்து பாப்பம்மாள், “நேத்தே சொல்ல வந்தேன், நீதான் வாயத் தொறக்க விடல” என்று கத்தினாள். வடிவு நடையை நிறுத்தவில்லை. நதியாவைத் திட்ட அவளுக்கு வாய் வரை வந்தது, நாலு மாசமாகத் திட்டிப் பழகிய வாய். ஆனால் திட்டுவதற்கு இந்த ஊரில் அவள் இல்லை.