தட்டில் ஏறாத உறுமி

"கொட்டு எங்கம்மா கேக்குது? நீயே சொல்லு," என்றார் சன்னாசி அண்ணன். லுக்குட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். நூறு வருடத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் இசைத்தட்டில் பதிவான அம்மன் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. பாடியவர் அவருடைய தாத்தா. உறுமி வாசித்தவர் என் கொள்ளுத்தாத்தா வீரமுத்து. பாடியவர் பெயரைக் கோயில் கல்லில் பொறிக்கப் போகிறார்கள். பக்கத்தில் வீரமுத்து பெயரும் வேண்டும் என்று நான் கேட்டதற்குத்தான் இந்தப் பஞ்சாயத்து.

கரகரப்புக்கு நடுவே குரல் மட்டும் வந்தது, மூக்கடைத்தவர் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல. உறுமி இல்லவே இல்லை.

"ஒங்க கொள்ளுத்தாத்தா சிங்கப்பூருக்குப் போகவே இல்லைலா. போயிருந்தா கேக்கும்ல? கொட்டடிச்சவங்க பேரெல்லாம் எழுதுனா கல்லு பத்தாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கோயிலில் அம்மனை அழைக்கும் முதல் கொட்டு எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு நான்தான் அடிக்கிறேன். பொம்பளையா என்று முணுமுணுத்தவர்கள் வாயையே அடைத்தவள், இதை விடுவேனா?

பாரோய் டவுனில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் ஷெரிலிடம் போனேன்.

"அக்கா, அப்ப மைக்கே கெடையாது. பெரிய குழாய் வாய்ல கத்தணும், அந்த அதிர்வுலயே ஊசி மெழுகுல கீறும். ரொம்ப கீழ் சத்தம் ஏறாது, ரொம்ப மேல் சத்தமும் ஏறாது. நடுவுல உள்ளதுதான். கொட்டு பக்கத்துல இருந்தா ஊசி துள்ளிடும்னு தூரமா நிக்க வெச்சிருப்பாங்க."

"கம்ப்யூட்டர்ல வெளிய எடுக்க முடியாதா?"

"தட்டுல இருந்தாதானேக்கா எடுக்க? சாரிலா."

திரும்பும் வழியெல்லாம் காரில் அதே பாட்டு. சுவரோரமாக நின்று உயிரைக் கொடுத்து அடித்திருப்பாரே மனுஷன் என்று அழுகையாக வந்தது. லுக்குட் நெருங்கும்போதுதான் என் விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் குரல் நின்றது, அந்த இடைவெளியில்தான் விரல்கள் தட்டின. மூச்சு வாங்கவா? அதற்கு இவ்வளவு நேரமா?

வெள்ளிக்கிழமை உறுமியோடு கோயிலில் போய் நின்றேன்.

"அண்ணே, பாட்டப் போடுங்க. பேச்சு வேணாம்."

முதல் வரி முடிந்தது. வெறும் கரகரப்பு. வளைந்த குச்சியை இழுத்தேன், உறுமி முனகியது. ஒரு சுற்று அடித்து நிறுத்தினேன். நிறுத்திய அதே நொடியில் குரல் எழுந்தது. அடுத்த வரியிலும் அப்படியே.

மூன்றாம் வரியில் சன்னாசி அண்ணனும் தாத்தாவோடு சேர்ந்து வாய்க்குள் பாட ஆரம்பித்தார். வரி முடிந்தது. குரல் நின்றது. கண்ணை மூடியபடியே அவர் கையை என் பக்கம் நீட்டினார், இப்போது கொட்டு வரட்டும் என்பது போல.